இடாப்பிலே வாழும் இறந்தவர்

மனிதன் பிறக்கின்றான், பதிவு செய்கின்றோம். இறக்கின்றான், அதனையும் பதிவு செய்கின்றோம். ஆயினும் பிறப்பைப் பதிவதில் நமக்குள்ள ஊக்கம் இறப்பைப் பதிவதில் இருப்பதில்லை. பிள்ளை பிறந்த வீட்டிலே பெயர் சூட்டும் அவசரம் உண்டு. பள்ளிக்கூடத்திற் சேர்க்கும் அவசரம் உண்டு. இழவு விழுந்த வீட்டிலே எவருக்கு என்ன அவசரம்? எட்டுச் செலவு, அந்தியேட்டி என்று நாள்கள் ஓடிவிடும். அதனாலன்றோ, கண்மூடி ஆண்டு சில கழிந்த பெரியவர் ஒருவர் வாக்காளர் இடாப்பிலே மட்டும் சுகதேகியாய் வீற்றிருக்கும் விந்தையை நாம் இடைக்கிடை காண்கின்றோம்!

இடாப்பிலே பெயர் இருப்பது ஒன்று. ஆள் உயிரோடு இருப்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கினால் வரும் இடர்கள் பல. இந்தச் சிறிய உண்மையின் முழுப் பொருளை நாம் அறிந்துகொண்டது தேர்தற் காரியாலயத்திலன்று. ஒரு கணினியின் முன்னாலேயாம். கணினி என்ற சொல்லைக் கண்டதும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாமென வாசகர்களை வேண்டிக்கொள்கின்றோம். ஒரு முதியவரின் உயிரோடு தொடர்புற்ற செய்தி இது. அதனைச் சொல்லுமுன் கணினிக்குள்ளே இருக்கும் ஊரைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும்.

கூத்தும் கொப்பியும்

கூத்தாடுபவர்களிடையே அண்ணாவியார் ஒருவர் இருப்பார். அவர் கையிலே கொப்பி இருக்கும். கொப்பியை மட்டும் பெட்டியிற் பூட்டி வைத்தாற் கூத்து நடவாது. அண்ணாவியார் அதனை விரித்துப் படிக்கத் தொடங்கி, மத்தளம் முழங்கி, ஆட்டக்காரர் வட்டக்களரியில் இறங்கிய பின்னரே அது கூத்தாகின்றது. கணினியிலும் இவ்வாறே. எழுதி வைத்த செய்நிரல் கொப்பி. அது இயங்கத் தொடங்கிய நிலை கூத்து. இயங்கும் அந்நிலையைச் செயன்முறை என்பர். ஒரே கொப்பியை வைத்துக்கொண்டு இரண்டு ஊர்களிலே ஒரே இரவிற் கூத்துப் போடலாம். ஒரே செய்நிரலிலிருந்து இரண்டு செயன்முறைகளும் பிறக்கலாம். இதனை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

1969 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சன், டெனிஸ் றிச்சி என்னும் இருவர் யூனிக்ஸ் என்ற பணிசெயல் முறைமையை ஆக்கத் தொடங்கினர். அதன் வழிவந்ததும் அதனை ஒத்து எழுந்ததுமான முறைமைகளே இன்று உலகின் பெரும்பாலான சேவைக் கணினிகளை ஆள்கின்றன. அவற்றுள்ளே பிறக்கும் செயன்முறை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கிடைக்கும். கணினி கண்விழித்ததும் முதலிற் பிறப்பதற்கு எண் 1. அதன் பின் பிறப்பவற்றுக்கு வரிசையாக எண்கள் வரும். தாய்ச் செயன்முறை பிள்ளையைப் பெறும். தாய் முன்னே மடிந்தால், அநாதையான பிள்ளையை வழக்கமாக முதலாம் எண்ணுக்குரியதே பொறுப்பேற்கும். நம் கூட்டுக் குடும்பத்துப் பெரியம்மாவைப் போன்றது அது.

இந்த எண்கள் முடிவின்றிப் பெருகிச் செல்வதில்லை. லினக்ஸ் என்னும் முறைமையிலே நெடுங்காலமாக வழங்கிய எல்லை 32768. அந்த எல்லையை அடைந்ததும் எண்ணிக்கை மீண்டும் 300 இற்குத் திரும்பி, அப்பொழுது எவருக்கும் உரிமையில்லாத எண்களைப் புதிதாய்ப் பிறப்பவற்றுக்கு வழங்கும். பெரிய கணினிகளிலே 4194304 வரை எல்லையை உயர்த்தலாம். ஆயினும் அடிப்படை ஒன்றே. இறந்தவனின் எண் பிறிதொருவனுக்குப் போகும்.

பூதத்தைக் கூப்பிடுவது எப்படி?

கணினியிலே கண்முன் தோன்றிப் பேசும் செயன்முறைகள் சில. திரைமறைவிலே ஓயாது உழைப்பவை பல. கடிதம் கொண்டு சேர்ப்பது, அச்சுப்பொறிக்கு வேலை கொடுப்பது, குறித்த நேரத்திலே மணியடிப்பது எல்லாம் மறைந்திருப்பவற்றின் தொழில். இவற்றை ஆங்கிலத்திலே டீமன் என்பர். 1963 ஆம் ஆண்டு மசச்சூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்திலே இச்சொல் வழக்கிற்கு வந்தது. பௌதிக அறிஞர் மக்ஸ்வெல் தமது சிந்தனைச் சோதனையொன்றிலே கற்பித்த, கண்ணுக்குத் தெரியாமல் அணுத்திரள்களைப் பிரித்துக்கொண்டேயிருக்கும் குட்டிப் பூதத்தை நினைந்து வைத்த பெயர் அது. நம் பாட்டிமார் சொன்ன கதைகளிலும், வேலை வேலையென்று கேட்டு நிற்கும் பூதங்கள் வருவதுண்டு. ஆதலின் பூதம் என்றே நாமும் அழைப்போம்.

பூதத்தை ஏவிவிட்டோம், அது மறைந்து சென்று உழைக்கின்றது. நாளை அதனை நிறுத்த வேண்டுமாயின் எங்ஙனம் கூப்பிடுவது? அதன் எண் தெரிய வேண்டும். எண்ணை நினைவில் வைத்திருப்பவர் யார்? எனவே பூதம் பிறந்தவுடன் தன் எண்ணைச் சிறு கோப்பொன்றில் எழுதி, யாவரும் அறிந்த இடத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போகும். இதனையே செயன்முறை எண் கோப்பு என்கின்றோம். மிக எளிய கோப்பு அது. லினக்ஸ் முறைமைகளின் கோப்புறைகளை வகுத்துரைக்கும் நியமம், 2015 ஆம் ஆண்டு வெளிவந்த தனது மூன்றாம் பதிப்பிலும் இதற்கு ஓர் உதாரணம் தருகின்றது. நேரம் பார்த்து வேலை தொடக்கும் கிரோன் என்னும் பூதத்தின் எண் 25 ஆயின், அதன் கோப்பிலே மூன்று எழுத்துகளே இருத்தல் வேண்டும். இரண்டு, ஐந்து, வரி முடிவு. அவ்வளவே!

இக்கோப்பினால் இரண்டு பயன்கள். பூதத்தை நிறுத்தவோ வேறு சைகை காட்டவோ அதன் எண் கிடைக்கும் என்பது ஒன்று. ‘அவ்வேலையைச் செய்ய ஏற்கனவே ஒருவர் இருக்கின்றார், நீ வேண்டாம்’ என்று இரண்டாவது பூதத்தைத் தடுக்கும் என்பது மற்றொன்று. முதற் பயனில் எழும் சிக்கல் சிறிது. இரண்டாவதில் எழுவதே பெரிது.

1987 இலே லரி வோல் வெளியிட்ட பேர்ள், 1991 இலே கைடோ வான் றொசம் வெளியிட்ட பைதன், 1995 இலே ஜப்பானியராகிய மட்சுமோட்டோ வெளியிட்ட ரூபி முதலியன ஸ்கிரிப்ட் மொழிகள் எனப்படும். இவற்றில் எழுதிய செய்நிரலை, அம்மொழிக்குரிய வாசிப்பான் ஒன்று கொப்பியைப் படிக்கும் அண்ணாவியாரைப் போல இருந்து நடத்துகின்றது. பேர்ளிலும் ரூபியிலும் டொலர்க் குறியை இருமுறை இட்டாற் போதும், தன் எண் தெரிந்துவிடும். பைதனிலே ‘கெட்பிட்’ என்று கேட்க வேண்டும். ஆனால் இம்மொழிகளிலே ஒரு தொல்லை உண்டு. இயங்குபவற்றின் பட்டியலைப் பார்த்தால், கூத்தின் பெயருக்குப் பதிலாக அண்ணாவியாரின் பெயரே முன்னிற்பது வழக்கம். பைதனில் எழுதிய பத்துச் செய்நிரல்கள் இயங்கினால், பத்தின் பெயரும் பைதன்! பெயரைக் கொண்டு ஆளைத் தேட இயலாத இடத்திலே எண் கோப்பின் தேவை இன்னும் மிகுகின்றது.

இருள் சூழ்ந்த நாள்களில்

இனி நமது அனுபவத்துக்கு வருவோம். கடலோரச் சிற்றூர் ஒன்றிலே நல்லுள்ளம் படைத்தோர் சிலர் சேர்ந்து சிறிய மருத்துவ நிலையம் ஒன்றை நடத்தி வந்தனர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ள முதியவர்களே அங்கு வருவோரிற் பெரும்பாலார். பிள்ளைகள் கனடாவிலும் இலண்டனிலும். பெற்றோர் இங்கே தனியே. மாத்திரை உண்ண மறப்பது இவர்களிற் பலருக்கு வழக்கமாயிற்று. ஆதலின் ஒவ்வொரு நாட் காலையிலும் ‘மாத்திரை உட்கொள்ளும் நேரம்’ என்று அவர்களுடைய கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்ப ஏற்பாடு செய்தனர். அங்கிருந்த இளைஞர் ஒருவர் பைதன் மொழியிலே அதற்கான செய்நிரலை எழுதிக் கொடுத்துவிட்டு மேற்படிப்புக்காகக் கடல் கடந்து சென்றுவிட்டார். பூதம் செவ்வனே உழைத்தது. முதியவர்களும் அச்செய்தியை ஒரு பிள்ளையின் குரலைப்போல எதிர்பார்க்கப் பழகிவிட்டனர்.

அதன் பின் 2022 ஆம் ஆண்டு வந்தது. அந்த ஆண்டின் முற்பகுதியை இலங்கையில் வாழ்ந்தோர் மறக்கமாட்டார்கள். எரிவாயுவுக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை; மார்ச்சு மாத இறுதியிலே நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மின்சாரம் போகும்போது கணினியும் சட்டென்று அணையும். மின்சாரம் மீண்டதும் அது தானே விழித்து, பூதத்தையும் எழுப்பும். இவ்வாறு பல நாள்கள் நடந்தன. திடீரென ஒரு வாரம் முழுவதும் ஒருவருக்கும் செய்தி போகவில்லை. பூதத்தைக் கையால் எழுப்பிப் பார்த்தால், ‘நான் ஏற்கனவே இயங்கிக்கொண்டிருக்கின்றேன்’ என்று சொல்லிப் படுத்துவிட்டது!

நமக்குக் கணினித் துறையிற் சிறிது பழக்கம் இருந்தமையால் அழைப்பு வந்தது. அத்துறையிலே படித்துக்கொண்டிருந்த மருமகளையும் உடன் அழைத்துச் சென்றோம். அவள் முதலிற் கேட்ட கேள்வியே நோயின் மூலத்தைத் தொட்டது.

“மாமா, இந்தக் கோப்பிலே 742 என்று இருக்கின்றது. இப்பொழுது 742 யாருடைய எண் என்று பார்த்தீர்களா?”

பார்த்தோம். அச்சுப்பொறியைக் கவனிக்கும் பூதத்தின் எண்ணாக அது இருந்தது!

நடந்தது இதுதான். ஒருநாள் நமது பூதம் 742 என்ற எண்ணோடு பிறந்து, அதனைக் கோப்பில் எழுதியது. ஒழுங்காக நிறுத்தப்பட்டிருந்தால், போகும்போது கோப்பை அழித்துவிட்டுப் போயிருக்கும். மின்சாரம் அறுந்தபோது அதற்கு அவகாசம் ஏது? ஆள் மாண்டான், பெயர் இடாப்பிலே நின்றது. கணினி மீண்டும் விழித்தபோது, 742 என்ற எண் அச்சுப்பொறிப் பூதத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பின்னர் நமது பூதம் எழுந்து கோப்பைப் படித்து, ‘742 இருக்கின்றாரா?’ என்று குரல் கொடுத்தது. ‘ஓம், இருக்கின்றேன்’ என்று மறுமொழி வந்தது. ‘ஆயின் நான் வேண்டாம்’ என்று அது ஒதுங்கிக்கொண்டது.

செய்நிரலை எழுதிய இளைஞர் கவனமற்றவரல்லர். கோப்பு இருந்தாலே ஆள் இருப்பதாகக் கொண்டுவிடும் செய்நிரல்கள் உலகில் ஏராளம். அவர் அதற்கு ஒருபடி மேலே சென்று, குரல் கொடுத்துப் பார்க்கும் ஏற்பாட்டையும் செய்திருந்தார். யூனிக்ஸிலே பூச்சியம் என்னும் சைகை ஒன்று உண்டு. அதனை ஓர் எண்ணுக்கு அனுப்பினால் எதுவும் நேராது. அந்த எண்ணுக்கு ஆள் உண்டா இல்லையா என்பது மட்டும் தெரியும். ‘உண்டு, ஆனால் அவருக்குச் சைகை காட்ட உனக்கு அதிகாரம் இல்லை’ என்ற மறுமொழியும் வரலாம். படலையில் நின்று ‘வீட்டுக்காரர்!’ என்று கூப்பிடுவதை ஒத்தது இது. உள்ளிருந்து ‘ஓம்’ என்று ஒரு குரல் வரும். அக்குரல் நாம் தேடிவந்த கந்தையருடையதா, அவர் வீட்டை விற்றுப் போனபின் குடிவந்தவருடையதா என்பதைக் குரல் மட்டும் கொண்டு அறிதல் எப்படி?

எண்ணாயிரக்கணக்கான எண்கள் இருக்க, பழைய எண்ணே வேறொருவருக்கு வாய்ப்பது அரிதன்றோ என வாசகர்கள் வினவலாம். ஓயாது இயங்கும் கணினியிலே அது அரிதுதான். கணினி அணைந்து விழிக்கும்போது அப்படியன்று. ஒவ்வொரு விழிப்பிலும் அதே பூதங்கள் ஏறக்குறைய அதே ஒழுங்கிலே பிறக்கின்றன. எண்களும் முன்னைய எண்களுக்கு அண்மையிலேயே விழுகின்றன. போஸ்ட்கிறெஸ் என்னும் புகழ்பெற்ற தரவுத்தள முறைமையை ஆக்கியோர் இதனை நன்குணர்ந்து, கோப்பிலுள்ள எண் தன்னுடையதாகவோ தன்னைப் பெற்றதனுடையதாகவோ இருந்தால் அது பழைய சீட்டென்று தள்ளிவிடும்படி எழுதியுள்ளனர். அவர்களுடைய எண் கோப்பிலே எண் மட்டுமன்றி, தரவு இருக்கும் இடம், தொடங்கிய நேரம் முதலியனவும் வரிவரியாக இருக்கும்.

இரண்டாவது இடர்

நாம் சென்றதற்கு முன்பே அங்கே ஒரு வைத்தியம் நடந்திருந்தது. ‘அந்தக் கோப்பை அழித்துவிட்டு மறுபடி தொடக்கினாற் சரியாகிவிடும்’ என்று யாரோ சொல்ல, அலுவலகத்திலிருந்த எழுதுவினைஞர் அவ்வாறே செய்தார். சரியாகிவிட்டது. எனவே அதனை அவர் நாட்கடமையாக்கிக்கொண்டார். காலையில் வருவார், கோப்பை அழிப்பார், பூதத்தைத் தொடக்குவார், பின்பே தேநீர் அருந்துவார். தம் வேலையிற் கருத்துள்ள மனிதர் அவர். ஆனால் ஒருநாட் காலை, கணினி விழித்தபோது பூதம் தானே ஒழுங்காக எழுந்து உழைத்துக்கொண்டிருந்தது. அவர் வந்து கோப்பை அழித்தார். இடாப்பிலே பெயர் இல்லாமையால் இரண்டாவது பூதமும் எழுந்தது. ஒரே கொப்பிக்கு இரண்டு கூத்து!

அன்று முதியவர்கள் அனைவருக்கும் செய்தி இருமுறை சென்றது. பலர் பொருட்படுத்தவில்லை. எழுபது வயது கடந்த ஒருவர் மட்டும், ‘வைத்தியர் மறுபடியும் சொல்லுகின்றாரே’ என்று நீரிழிவு மாத்திரையை மறுபடியும் உட்கொண்டுவிட்டார். நண்பகலளவில் அவருக்கு உடல் வியர்த்தது, கை நடுங்கியது, பேச்சுக் குழறியது. குருதியிலே சீனியின் அளவு தாழ்ந்துவிட்டது. நல்லூழாக அயல்வீட்டு அம்மையார் தற்செயலாய் எட்டிப் பார்த்தார். அவர் சீனி கரைத்த நீரை மெல்லப் பருக்கி, முச்சக்கர வண்டியிலே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார். முதியவர் பிழைத்தார். அந்த அம்மையார் எட்டிப் பாராதிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்கவும் நெஞ்சு நடுங்குகின்றது.

இங்கே வாசகர்கள் சற்று நின்று சிந்திக்க வேண்டும். அந்தக் கோப்பு எதற்காக ஏற்பட்டது? செய்தி இருமுறை போகாமல் தடுப்பதற்காக. அது தன் கடமையை அளவுக்கு மீறிச் செய்தது. செய்தி ஒருமுறையும் போகவில்லை. அந்தத் தடையை நீக்கப் புகுந்தார்கள், இருமுறை போயிற்று. காவல் வைப்பதிலே உள்ள இக்கட்டு இதுதான். தூங்கும் காவற்காரனும் ஆகாது. வீட்டுக்காரனையே உள்ளே விடாத காவற்காரனும் ஆகாது.

மருமகள் செய்த மாற்றங்கள்

மருமகள் அன்று மாலையே மருத்துவ நிலையத்தில் இருந்து, மண்ணெண்ணெய் விளக்கொளியிலே தாளிற் குறிப்பெழுதி, மின்சாரம் வந்ததும் கணினியிற் பதித்தாள். அவள் செய்தவற்றை முறையாகச் சொல்வோம். இத்துறையிற் பயிலும் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்கு அது பயன்படக்கூடும்.

முதலாவது, ஆள் இருப்பதற்குச் சான்று எண் அன்று, பூட்டு என்று அவள் வைத்தாள். பணிசெயல் முறைமையிடம் ஒரு கோப்பைத் தனக்கென்று பூட்டித் தரும்படி செயன்முறை கேட்கலாம். பூட்டு ஒருவருக்கே கிடைக்கும். மற்றவர் கேட்டால் இல்லையென்று உடனே மறுமொழி வரும். இதன் சிறப்பு யாதெனில், பூட்டை வைத்திருப்பவர் எவ்வாறு இறந்தாலும், நோயால் இறந்தாலும் கொலையுண்டாலும், பூட்டு அக்கணமே தானே விடுபடும். மின்சாரம் அற்றுக் கணினியே அணைந்தாலும் பூட்டு எஞ்சாது. எழுதி வைத்த எண் இறந்தவனுக்குப் பின்னும் வாழும். பூட்டு அவனோடு சாகும். பூட்டுக் கிடைத்த பின்னரே தன் எண்ணைக் கோப்பில் எழுதும்படி செய்தாள்.

பார்த்துவிட்டுப் பின் எழுதுதல் என்ற பழைய முறையிலே வேறொரு குற்றமும் உண்டு. வெற்று நாற்காலியை இருவர் ஒரே வேளையிற் கண்டு, இருவரும் சென்று அமர முயல்வதுபோல, இரண்டு பூதங்கள் ஒரே கணத்திலே ‘கோப்பு இல்லை’ என்று கண்டு இரண்டுமே எழுதத் தொடங்கலாம். பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் இடையே உள்ள அந்த நொடியே ஆபத்து. பூட்டிலே பார்ப்பதும் பிடிப்பதும் ஒரே செயல், இடைவெளி இல்லை.

இரண்டாவது, பூட்டிய கோப்பைத் திறந்தபடியே கையிற் பிடித்திருக்க வேண்டும். பைதன் போன்ற மொழிகளிலே இது நுட்பமான இடம். ஒரு சிறு செயற்கூற்றினுள்ளே கோப்பைத் திறந்து பூட்டிவிட்டு வெளியேறினால், ‘இக்கோப்பு இனி எவருக்கும் வேண்டாம் போலும்’ என்று அம்மொழியே அதனை மூடிவிடும். பூட்டும் சத்தமின்றிக் கழன்றுவிடும். திறப்புக் கோவையை மடியிற் செருகாமல் வாசலில் வைத்துவிட்டுப் போன கதையாகும்.

மூன்றாவது, வேலை முடிந்து போகும்போது பூட்டுக் கோப்பை அழிக்கக் கூடாது. இது நமக்கு வியப்பாக இருந்தது. “துப்புரவு நல்லதுதானே, பிள்ளை?” என்றோம். அவள் விளக்கினாள். அழிக்கும் வேளையிலே, வேறொரு பூதம் அதே கோப்பைத் திறந்து காத்து நிற்கலாம். கோப்பின் பெயர் அழிந்த பின் அது அந்தப் பெயரற்ற கோப்பிலே பூட்டைப் பெறும். மூன்றாவதாக வரும் பூதம் புதிய கோப்பை ஆக்கி, அதிலே பூட்டைப் பெறும். இருவர் கையிலும் பூட்டு. இரண்டும் வேறு கதவுகளுக்கு!

நான்காவது, மறைந்து உழைக்கப் போகும் பூதம் தன்னைப் பிரித்துப் பிள்ளையாக மாறுவதுண்டு. அப்போது எண்ணும் மாறும். ஆகவே, அம்மாற்றம் முடிந்த பின்னரே எண்ணை எழுத வேண்டும். முன்னே எழுதினால், இறந்துபோன தாயின் எண்ணே கோப்பில் நிற்கும்.

ஐந்தாவது, கோப்பை வைக்கும் இடத்தை மாற்றினாள். ‘ரன்’ என்றொரு கோப்புறை லினக்ஸிலே உண்டு. அது நினைவகத்தில் மட்டும் வாழ்வது. கணினி அணையும்போது அதிலுள்ளவை அனைத்தும் மறையும். நேற்றைய சீட்டு இன்று எஞ்சாது. பழைய செய்நிரலோ தன் கோப்பை நிலையான தட்டில் வைத்திருந்தது.

நிறுத்துவோர்க்கு ஓர் எச்சரிக்கை

தொடங்குவதைப்போல நிறுத்துவதிலும் விழிப்பு வேண்டும். எண் கோப்பைப் படித்து அந்த எண்ணுக்குச் சாகும்படி சைகை அனுப்புவது வழக்கம். கோப்பு வெறுமையாக இருந்தால்? ஏதேனும் ஒரு பிழையினால் அதில் பூச்சியம் இருந்தால்? யூனிக்ஸிலே பூச்சியத்துக்குச் சைகை அனுப்புவதென்றால், அனுப்புபவர் உள்ளிட்ட அவருடைய குழு முழுவதற்கும் அனுப்புவதென்று பொருள். சயம் ஒன்றுக்கு, அதாவது பூச்சியத்துக்கு ஒன்று குறைந்த எண்ணுக்கு அனுப்பினால், அனுப்புபவரின் அதிகாரத்துக்கு உட்பட்ட அனைத்துக்கும் அது போகும். முதலாம் எண் தப்பும். நிருவாகியின் அதிகாரத்தோடு அதனைச் செய்தால் ஊரே அழியும்! ஆகவே, படித்த எண் ஒன்றிலும் பெரிதா என்று பார்க்க வேண்டும். அந்த எண்ணுக்குரியவர் எந்தக் கட்டளையால் இயங்குகின்றார் என்று முழுமையாகப் பார்க்க வேண்டும். பைதன் என்ற பெயரைக் கண்டதும் திருப்தியடைதல் ஆகாது. அண்ணாவியார் கையில் எந்தக் கொப்பி இருக்கின்றது என்பதே கேள்வி.

சைகையிலும் ஒழுங்குண்டு. எண் 15 என்னும் சைகை, ‘வேலையை ஒழுங்காக முடித்துக்கொண்டு புறப்படு’ என்று சொல்வது. எண் 9 கழுத்தை வெட்டுவது. அதனைத் தடுக்கவோ கேட்கவோ எந்தச் செயன்முறைக்கும் இயலாது. முதலில் 15 ஐ அனுப்பிச் சிறிது பொறுத்திருந்து, பின்னரே 9 இற்குச் செல்லவேண்டும். அவசரக்காரர்கள் 9 இலேயே தொடங்குவர். துப்புரவு செய்யாமல் மடிந்த பூதங்களின் சீட்டுகள் கோப்புறைகளிலே குவிவதற்கு அவர்களும் காரணர்.

அறிஞர்கள் இச்சிக்கலைக் களைய வேறு வழிகளும் கண்டுள்ளனர். 2010 ஆம் ஆண்டு வெளிவந்த சிஸ்டம்டி என்னும் ஏற்பாடு, பூதங்களைத் தானே பெற்று வளர்க்கின்றது. பெற்ற தாய்க்குப் பிள்ளையின் சாவு எவரும் சொல்லாமலே தெரியும், சீட்டு வேண்டியதில்லை. 2019 ஆம் ஆண்டிலே லினக்ஸ் முறைமையில், எண்ணை நம்பாது ஆளையே பற்றிக்கொள்ளும் பிடி ஒன்று ஏற்பட்டது. 2020 இல் வெளிவந்த பைதன் 3.9 அதனைத் தன் மொழியிலும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பிடி கையில் இருக்கும்வரை, எண் பிறருக்குப் போனாலும் சைகை பிறருக்குப் போகாது. ஆயினும் சிறு செய்நிரல்கள் எழுதப்படும் இடமெல்லாம் எண் கோப்பும் இன்றுவரை வழங்கியே வருகின்றது. எளிமையானது எளிதில் மறைவதில்லை.

உயிரின் அடையாளம்

இவ்வளவும் செய்து முடித்த பின் மருமகள் மேலும் இரண்டு காரியங்கள் செய்தாள். செய்தியின் வாசகத்தோடு அன்றைய திகதியையும், ‘இச்செய்தி இன்று மறுபடி வந்தால் மீண்டும் மாத்திரை உண்ண வேண்டாம்’ என்ற வரியையும் சேர்த்தாள். பொறி தவறினாலும் மனிதர் தப்பவேண்டும் என்பது அவள் கருத்து. அடுத்து, நாள்தோறும் எல்லாச் செய்திகளும் போய் முடிந்ததும் எழுதுவினைஞருக்கும் ஒரு செய்தி போகும்படி அமைத்தாள். காலை 7 மணிக்குள் அது வராவிட்டால் அவர் தொலைபேசியை எடுத்து முதியவர்களை ஒவ்வொருவராய் அழைக்க வேண்டும்.

“பூட்டு இருப்பதால் பூதம் இருக்கின்றதென்பது தெரியும், மாமா. அது வேலை செய்கின்றதா என்பது, செய்த வேலையைப் பார்த்தால்தானே தெரியும்?” என்றாள்.

வயதிற் சிறியவள்; ஆனால் அவள் சொன்னதை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. சங்கங்களிலே பெயர் இருக்கும், கூட்டத்துக்கு வருவதில்லை. உறவிலே பெயர் இருக்கும். நோயென்றால் எட்டிப் பார்ப்பதில்லை. முதியவரைக் காத்த அயல்வீட்டு அம்மையாரின் பெயரோ எந்த இடாப்பிலும் இல்லை. இருத்தல் வேறு, உழைத்தல் வேறு. பதிவேடு முன்னதைக் கூடச் சரியாகச் சொல்லுவதில்லை. பின்னதை அது சொல்லவே மாட்டாது.

வாசகர்களே, இன்று ஞாயிற்றுக்கிழமை, ஓய்வு நாள். உங்கள் வீட்டுச் சுவரிலோ குளிர்சாதனப் பெட்டியின் கதவிலோ, அவசரத்துக்கென்று எழுதி ஒட்டிய தொலைபேசி இலக்கங்கள் சில இருக்கக்கூடும். குடும்ப வைத்தியர், முச்சக்கர வண்டிக்காரர், அடுத்த தெருவிலுள்ள தம்பி முறையானவர் என்று அவை எழுதப்பட்டு எத்தனை ஆண்டாயிற்று? ஒருவர் ஊர் மாறியிருக்கலாம். ஒருவர் இலக்கத்தை மாற்றியிருக்கலாம். ஒருவர் உலகத்தையே விட்டிருக்கலாம். மதிய உணவுக்கு முன் ஒவ்வொன்றாய் அழைத்துப் பாருங்கள். மறுமொழி வந்தால், பேசுபவர் யார் என்றும் மறவாமற் கேட்டுக்கொள்ளுங்கள்.